ஆரோக்கியம் அண்ணன் வைத்த இரண்டு பல்

பாலக்கரை மெக்கானிக் ஆரோக்கியம் அண்ணன் நேற்று போய்விட்டார்.

வாட்ஸ்அப் குரூப்பில் செய்தி எப்படி வந்தது தெரியுமா... "சாணி மெக்கானிக் காலி." அதற்குக் கீழே நாலு பேர் சிரிக்கிற பொம்மை. த்தூ.

இட்லி அப்படியே தட்டில் கிடக்கிறது. ஏனென்றால் அந்தப் பேரை வைத்தவன் நான்.

எண்பதுகளின் தொடக்கம். என்னிடம் ஒரு பழைய ஜெர்மன் வேன் இருந்தது. தரை வழியாக ஊர் சுற்ற வந்த வெள்ளைக்காரன் ஒருவன், "உன்னைத் தவிர யாருக்கும் தர மனசு வரலை" என்று சாவியை என் கையில் வைத்து அழுதுவிட்டுப் போனான். எந்த பாஷையில் சொன்னான் என்று கேட்காதீர்கள், எனக்குப் புரிந்தது.

காவிரிப் பாலத்தில் நான் வந்தால் டவுன் பஸ் ஒதுங்கி வழிவிடும். படிப்பு எட்டாவதோடு சரி... ஆனால் அந்த வண்டியில் உட்கார்ந்தால் நான் கலெக்டர்.

கல்யாணம் நிச்சயமானது. பெண் ஸ்ரீரங்கம். மாமனார் ஹெட் கிளார்க், முழங்கால் வலிக்காரர். முன்சீட்டில் ஏற மூன்று தரம் முயன்றுவிட்டுச் சொன்னார். "இது வேனா சப்பரமா மாப்பிள்ளை? ஏணி கொண்டாரணும் போலிருக்கே."

பெண் வீட்டார் அத்தனை பேரும் சிரித்தார்கள். அவளும்தான்.

அன்றே முடிவு கட்டினேன். வண்டியின் முன்பக்கத்தைத் தாழ்த்தி, மாப்பிள்ளை அழைப்பன்று இதே மாமனாரை முன்சீட்டில் உட்காரவைத்து நானே ஓட்டிக்கொண்டு போவது என்று.

ஆரோக்கியம் அண்ணனிடம் விட்டேன். "முன்பக்கம் இறக்கிடுங்கண்ணே" என்றேன்.

மறுநாள் போனால் வண்டி கட்டைமேல் நிற்கிறது. ஆக்ஸிலும் சக்கரமும் கழன்று தரையில் கிடக்கின்றன!

"என்னண்ணே இது?"

"நீங்கதானே இறக்கச் சொன்னீங்க? இன்ஜினை இறக்குன்னா கழட்டித்தானே கீழ வைப்போம்..."

"உசரத்தைக் குறைக்கச் சொன்னேண்ணே!"

"அதை விவரமாச் சொல்லணும் தம்பி. சரி, இறக்கினது இறக்கியாச்சு. குறைச்சே ஏத்திடுவோம்."

வெளிநாட்டுப் புத்தகத்தில் வந்த படம் ஒன்றைக் காட்டினேன். அதைப் பார்த்தே ஆக்ஸிலை நடுவில் அறுத்து, பல் வெட்டிய இரும்புத் துண்டு ஒன்றைப் பற்றவைத்தார். போல்ட்டைத் தளர்த்தி ஒரு பல் தள்ளினால் முன்பக்கம் ஒரு விரற்கடை தாழும், திருப்பித் தள்ளினால் உயரும். திருச்சி ஜில்லாவிலேயே முதல்முறை. ஐடியா என்னுடையது, கை அவருடையது.

ஒரு பழக்கம் அவருக்கு. புது கிரீஸை எடுத்து நாக்கில் வைப்பார். மணல் கலந்திருந்தால் பல்லில் நறநறக்குமாம். துப்பிவிட்டு "சுத்தம்" என்பார். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்... அவ்வளவு அருவருப்பு.

இரண்டு பல் தாழ்த்தி, அந்த இடத்தில் மஞ்சள் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டார். "இதுக்கு மேல கை வைக்காதீங்க. அடி தட்டும்."

எனக்குப் பத்தவில்லை. படத்தில் வண்டி இன்னும் பதுங்கி நின்றது. மாப்பிள்ளை அழைப்பன்று காலையில் நானே கீழே படுத்து இன்னும் இரண்டு பல் தள்ளினேன். ஒருத்தருக்கும் தெரியாது.

மாமனார் ஏணி இல்லாமல் ஏறினார். பட்டு வேட்டி, புதுச் செருப்பு. பின்சீட்டில் என் அழைப்பின் பேரில் வந்த ஆரோக்கியம் அண்ணன், வெள்ளைச் சட்டையில்.

அம்மா மண்டபம் ரோட்டில் கோயில் யானை எங்களுக்கு முன்னால் போயிருக்கிறது. நடுரோட்டில் ஒரு சாணிக் குன்று. வண்டியின் பழைய உயர நினைப்பிலேயே, தாண்டிவிடும் என்று விட்டேன்.

தாண்டவில்லை. வண்டியின் அடி அதை மண்வெட்டி மாதிரி வாரிக்கொண்டது. முன்சீட்டுக்குக் கீழே தகரம் துருப்பிடித்து ஒரு ஓட்டை... அது வழியாகச் சுடச்சுட மேலே வந்து மாமனாரின் பாதத்தில், வேட்டியில் எல்லாம் அப்பிக்கொண்டது.

"ரங்கா!" என்று ஒரு அலறல். கூட வந்த நாயனக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பின்சீட்டைக் காட்டினேன். "இந்த ஆளு தப்பாப் பல்லு வெச்சுட்டார் மாமா."

அண்ணன் கீழே இறங்கினார். ஜாக்கியை எடுத்துக்கொண்டு அந்த வெள்ளைச் சட்டையோடு அதிலேயே படுத்தார். மஞ்சள் கோடு எங்கே இருக்கிறது, பல் எங்கே நிற்கிறது என்று அவர் கண்ணால் பார்த்திருப்பார்.

வண்டிக்கு அடியிலிருந்தே குரல் வந்தது. "ஆமாங்க, என் தப்புதான். அஞ்சு நிமிஷத்துல சரியாயிடும்."

எழுந்து வந்து என் காதில் மட்டும் சொன்னார். "நாலு வெச்சிருக்கீங்க தம்பி. போங்க, நேரமாகுது."

அவர் சாப்பிட வரவில்லை. அந்தப் பந்தியில்தான் "சாணி மெக்கானிக்" என்று நான் பேர் வைத்தேன். இலையில் சாதம் சிதறச் சிரித்தார்கள். அதற்கப்புறம் சொன்ன இடத்திலெல்லாம் யானையின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போனேன். கடைசியாகச் சொன்னபோது மூன்று.

ஸ்ரீரங்கத்து வண்டி ஒன்றுகூட அப்புறம் அவர் பட்டறைக்குப் போகவில்லை.

சில வருஷம் கழித்து சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தார். "தம்பி, அந்தப் பேரை மட்டும் விட்டுடச் சொல்லுங்களேன். எங்க பாப்பாவை ஸ்கூல்ல அப்படிக் கூப்பிடுறாங்களாம்."

"ஃப்ரீ விளம்பரம்ணே அது!" என்று முதுகில் தட்டினேன்.

சீ.

கிரீஸை நாக்கில் வைத்தவரைப் பார்த்து அருவருத்தவனின் வாய் இது.

மாமனார் போய்ப் பல வருஷமாகிறது. மனைவி இந்தப் பதிவைப் படிப்பாள். படிக்கட்டும். அண்ணன் வைத்தது இரண்டு பல். நாலாக்கியது நான். யானை ஒன்றுதான்.

சிரிக்கிற பொம்மை போட்டவர்கள் எடுத்துவிடுங்கள். அவர் பேர் ஆரோக்கியம்.

சாயங்காலம் நாலு மணிக்குக் கல்லறை. நானும் போகிறேன், பின்னால் நிற்பேன்.

பெட்டியைப் பதமா இறக்குங்கப்பா.

போயிட்டு வாங்கண்ணே.