படிவத்தில் போட்ட நாலு

அந்த ஆஸ்பத்திரியில் ஆறு லிஃப்ட். ஆறையும் முப்பத்தோரு வருஷம் கட்டி மேய்த்தவரை எல்லாரும் லிஃப்ட்காரர் என்றே கூப்பிட்டார்கள். படிப்பு ஏழாம் வகுப்போடு சரி. ஆனால் மொட்டை மாடி மோட்டார் அறையில் நின்று காதைக் கொடுத்தாரென்றால், எந்த உருளையில் எண்ணெய் வற்றியிருக்கிறது என்று சொல்லிவிடுவார். ஒரே மகளுக்கும் அந்தக் காது அப்படியே வாய்த்திருந்தது.

பட்டறைச் சுவரில் ஒரு கரும்பலகை உண்டு. வருகிற புகாருக்கெல்லாம் எதிரே ஓர் எண் போடுவார்கள். ஒன்று என்றால் ஆறப்போடலாம். நாலு என்றால் சோற்றில் கை வைத்திருந்தாலும் உதறிவிட்டு ஓட வேண்டும்.

மகளுக்குப் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்தது. எந்தப் பிரிவில் படிப்பது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். நாலு பிரிவு, விருப்ப வரிசைப்படி எண் போட வேண்டும். அவள் இயந்திரப் பிரிவு என்று ஒற்றைக் காலில் நின்றாள். கம்ப்யூட்டர் படித்தால் நிழலில் உட்கார்ந்து சாப்பிடலாமே என்று அவர் கிரீஸ் ஏறிய நகத்தை நீட்டிக் காட்டினார். ஒரு மாதம் வீட்டில் இதே பேச்சு. கடைசியில் அவர்தான் இறங்கி வந்தார்.

அந்த நேரம் பார்த்து அவளுக்கு டைபாய்டு. அப்பா வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியிலேயே மூன்றாம் மாடியில் படுத்திருந்தாள். கடைசி நாளன்று வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, வரிசையை வாயால் சொன்னாள். முதலில் இயந்திரம், அப்புறம் மின்சாரம், பிறகு கட்டடம், கடைசியில்தான் கம்ப்யூட்டர்.

அவர் பஸ் பிடித்து ஓடினார். கல்லூரி வராந்தாவில் நின்றபடியே நிரப்பினார். மகள் உயிராகக் கேட்டதற்கு நாலு. அவருக்குப் பிடித்த கம்ப்யூட்டருக்கு ஒன்று. மனசு கொஞ்சம் வலித்தாலும் அவள் சொன்ன வரிசைப்படியேதான் போட்டார்.

பட்டியல் வந்தது. அவளுக்குக் கம்ப்யூட்டர்.

மனைவியின் தம்பி வந்து முதுகில் தட்டினார். "பலே ஆளு மச்சான் நீங்க. வாயால சரின்னுட்டு, கையால கவுத்துட்டீங்களே."

மகள் படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். "நான் சொன்ன மாதிரிதான் போட்டீங்களாப்பா?" என்றாள்.

"ஆமா பாப்பா."

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மறுநாளே அவர் கல்லூரிக்குப் போனார். எழுத்தர் படிவத்தை எடுத்துக் காட்டினார். ஒன்று என்றால்தான் முதல் விருப்பம்; மேலேயே பொடி எழுத்தில் அச்சடித்திருந்தது. இனி மாற்ற வழியில்லை என்று சொல்லிவிட்டார்.

வீட்டு வாசல்வரை சொல்லிவிடுவது என்றுதான் வந்தார். எங்கப்பாவுக்குத் தெரியாத மெஷினே இல்லை என்று பள்ளிக்கூடம் முழுக்கப் பெருமையடித்த பிள்ளை அவள். ஒரு காகிதத்தை நிரப்பத் தெரியவில்லை என்று அவளிடம் எப்படிச் சொல்வது? செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

அதன்பின் அவள் கேட்டதற்குப் பதில் சொல்வாள், அவ்வளவுதான். படித்தாள், வெளியூரில் வேலைக்குப் போனாள், கல்யாணமும் ஆயிற்று. "பிள்ளையை ஏமாத்திட்டீங்களே" என்ற குறையோடேயே மனைவியும் போய்ச் சேர்ந்தாள்.

பதினாலு வருஷம் கழித்து, அவருடைய கடைசி வேலை நாளன்று மகள் கூட்டிப்போக வந்தாள். பட்டறைப் பலகையைப் பார்த்து, "இதென்ன நம்பர்?" என்றாள். கூட வேலை பார்க்கும் எலக்ட்ரீஷியன், "நாலுன்னா முதல்ல பாக்கணும்மா. ஒண்ணுன்னா கடைசி. எல்லாம் உங்கப்பா வெச்ச சட்டம்" என்று சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை. பலகையில் இருந்த ஒரு நாலை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"எனக்கும் நாலுதான் போட்டீங்களாப்பா?"

அவர் சோற்று டப்பாவைப் பைக்குள் வைத்தார். "ஆமா."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே."

"கோவந்தானே, தாங்கிக்கலாம்னு நெனச்சேன். நீ பாவம் பாத்தா என்னால தாங்க முடியாது பாப்பா."

"அம்மா தெரியாமலே போயிட்டாங்கப்பா."

அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

லிஃப்டில் இறங்கினார்கள். இரண்டாம் மாடி தாண்டும்போது அவள் தலையைச் சாய்த்துக் காது கொடுத்தாள்.

"உருளையில எண்ணெ வத்தியிருக்குப்பா."

"ம். நீ வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் நாலு போட்டேன்."

அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. கதவு திறந்தும் இரண்டு பேரும் இறங்கவில்லை.