கையில் செருப்பு போட்டவர்

பிள்ளைகளே, நாமக்கல்லில் மாற்றுத்திறனாளிகளுக்கு மூன்று சக்கர வண்டி வழங்கிய விழாவில் அவரைப் பார்த்தேன். கால்கள் சூம்பியவர். கைகளில் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு தவழ்ந்து வந்தார். நின்ற இடத்திலெல்லாம் அவற்றைத் தட்டித் துடைத்துக்கொண்டார்.

மேடைக்கு நான்கு படிகள். முதல் படியில் கை வைத்து, "உடுங்க சாமி, நானே ஏறி வாரேன்" என்றார்.

"போட்டோவுக்கு நேரமாச்சுங்க!" என்று சொல்லி, உதவிக்கு நின்ற நானும் இன்னொருவரும் கோழித் தீவன மூட்டையைத் தூக்குவதுபோல் அவரைத் தூக்கினோம். ஒரு செருப்பு கீழே விழுந்தது. கூட்டம் கை தட்டியது.

"தனியாப் போறதுக்குத்தானுங்க வண்டி தர்றீங்க? நாலு படி தனியா ஏற உடமாட்டீங்களா?" என்று என்னைக் கேட்டார்.

அந்தப் போட்டோ இன்றும் என்னிடம் இருக்கிறது. அதில் நான் சிரிக்கிறேன். அவர் கீழே கிடக்கும் செருப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.