வியாகுலம் டீச்சர் எழுதிய மன்னிப்புக் கடிதம்

பாலக்கரை வியாகுலம்மாளுக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று ஊர் சொல்லும். சொல்லட்டுமே! முப்பது வயதில் புருஷனைக் காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டு, இரண்டு பிள்ளைகளையும் மாமியாரையும் ஒற்றைச் சம்பளத்தில் காப்பாற்றுகிறவளுக்கு வாயும் இல்லாவிட்டால் எப்படி?

1937-ல் அவள் மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். ஏழாம் வகுப்புப் பெண்களுக்குச் செய்யுள் என்றாலே வேப்பங்காய். அதிலும் கமருன்னிசா இருக்கிறாளே, ஒப்பிக்க முடியாமல் அவள் பெஞ்சில் உட்கார்ந்ததைவிட அதன்மேல் நின்றதுதான் அதிகம்.

ஒருநாள் இடைவேளையில் அதே கமருன்னிசா, நாடகக் கொட்டகைப் பாட்டு ஒன்றை ஒரு சொல் பிசகாமல் பாடிக்கொண்டிருந்தாள். டீச்சர் நின்றுவிட்டாள். அடடா, இதுவும் பாடப் புத்தகத்தில் இருக்கிற அதே விருத்தம்தானே! மறுநாள், கொட்டகை வாசலில் விற்கும் பாட்டுப் புத்தகத்தோடு வகுப்புக்குள் நுழைந்தாள்.

"கை தட்டிக்கிட்டே பாடுங்கடி. அடிக்கு ஆறு தட்டு, மொத்தம் நாலு அடி. ஒரு தட்டு குறைஞ்சாலும் பாட்டு நொண்டும், பாருங்க."

பாட்டு முடிந்ததும் அதே மெட்டில் பாடச் செய்யுள். ஒரே மாதத்தில் வகுப்பு முழுக்கக் கடகடவென்று ஒப்பித்தது.

விஷயம் மானேஜர் சின்னையன் காதுக்குப் போயிற்று. "கூத்தாடிப் பாட்டு நம்ம பள்ளிக்கூடத்துலயா? மன்னிப்புக் கடிதம் எழுதிக் குடுங்க. இல்லேன்னா வேலை இல்லை" என்றார்.

அங்கே மன்னிப்புக் கடிதங்களைக் காலைப் பிரார்த்தனையில் மானேஜரே உரக்க வாசிப்பது வழக்கம். அதில் அவருக்கு அலாதி ருசி. முன்கூட்டிப் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டார். இது வியாகுலத்துக்கு நன்றாகத் தெரியும்.

"எழுதிக் குடுத்துடேன் தாயி. பிள்ளைங்க வயிறு இருக்குல்ல?" என்றாள் மாமியார். அந்தச் சொல் தைத்தது. வியாகுலம் அழுதாள். அழுதுகொண்டேதான் எழுதினாள்.

மறுநாள் மானேஜர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தொடங்கினார்.

"பாடலைப் பாட்டாய்ச் சொன்னால் பாவமோ சொல்வீர் ஐயா
கூடிடும் பிள்ளை நாவில் கொஞ்சிடும் கவிதை வைத்தேன்
தேடிய பிழைதான் என்ன தெளிவுறச் சொல்லும் முன்னே..."

முதல் அடியிலேயே திடுக்கிட்டார்தான். ஆனால் அதற்குள் ஏழாம் வகுப்பு கை தட்ட ஆரம்பித்துவிட்டது. தாளம் அவர் நாக்கைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிற்று. மூன்றாம் அடி முடிந்த பிறகுதான் ஒருவழியாக வாயை மூடிக் காகிதத்தைக் கசக்கினார்.

கமருன்னிசா எழுந்தாள்.

"ஐயா, இன்னும் ஓரடி பாக்கி இருக்குங்க."

அந்தச் செய்யுளை அவள் அதற்குமுன் கேட்டதே இல்லை. அடியை எண்ணியே கண்டுபிடித்துவிட்டாள்! வியாகுலம் எழுந்து நின்று, பாக்கியைத் தானே சொன்னாள்.

"வாடிநான் மன்னிப் பென்று வரைந்திட மாட்டேன் காண்பீர்!"

ஆறு தட்டும் சரியாக விழுந்தன.

வேலை அன்றைக்கே போயிற்று. போனால் போகட்டும்! செய்யுளுக்காகக் கமருன்னிசாவை இனி எவனும் பெஞ்சில் ஏற்ற முடியாது.