என் அக்கா குழாய் வேலை கற்றுக்கொண்ட காரணம்

அக்கா எங்களை விட்டுப் போய் இன்றோடு ஓராண்டு நிறைகிறது. அவர் படத்துக்கு மாலை போட வந்து, இந்த நினைவு மலரையும் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தம்பியின் வணக்கம். எழுதிப் பழக்கம் இல்லாதவன் நான். ஆனாலும் அக்காவைப் பற்றி நீங்கள் அறிந்ததோடு, அறியாத ஒன்றையும் எழுத வேண்டியிருக்கிறது. பொறுமையாகப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அக்கா பிறந்தது மணலூர்பேட்டைக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில். அப்பா குத்தகை நிலத்தில் நெல்லும் கரும்பும் வைத்தவர். அக்காவுக்கும் எனக்கும் ஒன்பது வயது வித்தியாசம். அம்மா கழனிக்குப் போய்விடுவார் என்பதால் என்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவர் அக்காதான். திருக்கோவிலூரில் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தார். மேலே படிக்க மிகவும் ஆசைப்பட்டார். அந்த வருடம் அப்பாவுக்குக் காலில் அடிபட்டு நடக்க முடியாமல் போனது. அக்கா நாற்று நடப் போனார். அதைப் பற்றி ஒருநாளும் அவர் குறைப்பட்டுக்கொண்டதில்லை.

இருபத்திரண்டாம் வயதில் கள்ளக்குறிச்சிப் பக்கம் மாமாவுக்கு வாழ்க்கைப்பட்டார். மாமாவுக்குச் சொந்தமாகக் கொஞ்சம் நிலமும் ஒரு கிணறும் இருந்தன. அதிகம் பேசாத மனிதர். மோட்டார், பைப் என்று எது பழுதானாலும் ஆளைக் கூப்பிடாமல் தானே பிரித்துப் பார்ப்பார். ஒரே மகள் பிறந்தாள். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு அக்கா என்னையும் அந்த வீட்டுக்கே அழைத்துக்கொண்டார். முதல் நாளே மாமா தன் பக்கத்தில் எனக்கு இலை போடச் சொன்னார். "மச்சான், இது உன் வூடு. கேட்டு வாங்கிச் சாப்புடு" என்றார். எட்டு வருடம் அவரோடு அந்த நிலத்தில் வேலை செய்தேன்.

மாமா கிணற்றில் மின்சாரம் தாக்கி இறந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். மோட்டார் ஸ்டார்ட்டரை ஆட்டோவில் போட்டுவிட்டு அதை மறந்து இறங்கினார், கரண்ட் வந்ததும் மோட்டார் தானாக ஓடிவிட்டது என்று உங்களுக்குச் சொல்லப்பட்டது. அப்படி நடக்கவில்லை. நடந்தது இதுதான்.

அன்று காலை கரண்ட் இல்லை. மோட்டாரை ஒட்டிய பைப்பில் தண்ணீர் கசிகிறதென்று மாமா ரெஞ்சை எடுத்துக்கொண்டு கிணற்றுப் படியில் இறங்கியிருக்கிறார். நான் கரும்புக்கு மடை திருப்பிவிட்டு மோட்டார் கொட்டகைக்கு வந்தேன். விளக்கு எரிந்தது. கரண்ட் வந்துவிட்டதென்று தினமும் செய்வதுபோல் பச்சை பட்டனை அழுத்தினேன். கிணற்றை எட்டிப் பார்க்கவில்லை. உள்ளே ரெஞ்ச் விழுந்த சத்தம் கேட்டது. அவ்வளவுதான்.

கூழ் எடுத்துக்கொண்டு வரப்பில் வந்துகொண்டிருந்த அக்கா சத்தம் கேட்டு ஓடி வந்து சுவிட்சை நிறுத்தினார். இருவரும் இறங்கி மாமாவைத் தூக்கினோம். மோட்டாரில் கசிந்த கரண்ட் ஈரப் பைப் வழியாக அவர்மேல் பாய்ந்திருந்தது. உயிர் இல்லை. "நான்தான்கா போட்டேன்" என்றேன். அக்கா ஈரக் கையால் என் வாயைப் பொத்தினார்.

"நீ வாயத் தொறக்காத. ஆட்டோவுல இருந்திச்சி. தானா ஓடிடுச்சி. யாரு கேட்டாலும் அவ்ளோதான்."

விசாரிக்க வந்தவர்களிடமும் உறவுக்காரர்களிடமும் அதையே அவர் சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை. காரியத்தன்று பந்தலில் சிலர் பேசிக்கொண்டது என் காதிலும் விழுந்தது. "இவ்ளோ வெவரமான ஆளு, ஆட்டோவ நிறுத்தாம எறங்கலாமா? பொண்டாட்டி புள்ளைய நெனச்சிப் பாக்க வேணாமா?" அக்கா தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார். என்னைக் காப்பாற்றுவதற்காகத் தன் கணவர் மீது விழுந்த பேச்சை அவர் அன்று முழுவதும் கேட்டார். அதன் பிறகும் பல வருடம் கேட்டார்.

அந்த வீட்டில் என்னால் இருக்க முடியவில்லை. ஒரு வாரத்தில் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டேன். அக்கா நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு மகளைப் படிக்க வைத்தார். இரண்டு வருடம் கழித்து, கள்ளக்குறிச்சியில் பெண்களுக்குக் குழாய் வேலைப் பயிற்சி நடக்கிறது, அதில் சேர்ந்திருக்கிறேன் என்று போனில் சொன்னார். அப்போது அவருக்கு முப்பத்தொன்பது வயது. ஊரில் சிரித்தார்கள். எனக்கும் புரியவில்லை. "உனக்கு எதுக்குக்கா இந்த வேல?" என்று கேட்டேன். "போய்த்தான் பாக்குறனே" என்றார்.

முதல் நாள் வகுப்பு முடிந்து பஸ் ஸ்டாண்டிலிருந்தே கூப்பிட்டார். அழுதிருக்கிறார் என்று குரலில் தெரிந்தது. பயிற்சி ஆசிரியர் முதலில் சொன்னதே கரண்டைப் பற்றித்தானாம். மோட்டார் பக்கத்தில் கை வைப்பதற்கு முன்னால் மெயினை நிறுத்த வேண்டும், டெஸ்டர் வைத்துப் பார்க்க வேண்டும் என்றாராம். அக்கா எழுந்து நின்று கேட்டிருக்கிறார்.

"சார், நாம நிறுத்தின சுவிச்ச வேற யாராவது தெரியாம வந்து போட்டுட்டா?"

"அதுக்குத்தாம்மா பியூஸ் கட்டயப் புடுங்கி நம்ப பையில போட்டுக்கணும். வேல முடியற வரைக்கும் அது நம்பகிட்டதான் இருக்கணும். போர்டுல ஒரு அட்டயும் மாட்டிட்டுப் போவணும். அப்ப யாரு வந்து பட்டன அமுக்கினாலும் ஒண்ணும் ஆவாது."

ஆசிரியர் சொன்னதை அக்கா அப்படியே போனில் ஒப்பித்தார். பஸ் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு சொன்னார்: "மொத நாளு மொத பாடம்டா அது. அவருக்கும் யாரும் சொல்லிக் குடுக்கல. உனக்கும் யாரும் சொல்லிக் குடுக்கல. அதத் தெரிஞ்சிக்கத்தான் நான் வந்தேன்."

அவருடைய பயிற்சி நோட்டு என்னிடம் இருக்கிறது. பள்ளிக்கூடத்துப் பிள்ளையைப்போல் கோடு போட்டு எழுதியிருக்கிறார். "அறுத்த பைப்பின் பிசிறை அரம் போட்டு எடுக்காமல் ஒட்டக் கூடாது. சொல்யூஷன் பசை தடவும்போது சன்னலைத் திறந்து வைக்க வேண்டும், பக்கத்தில் நெருப்பு கூடாது. ஒட்டியதும் அசையாமல் பிடித்திரு, உடனே தண்ணீர் விடாதே. டேப்பை மரை போகும் பக்கமே சுற்று." இந்தக் கடைசி வரிக்குக் கீழே, "இன்று நான்கு தடவை மாற்றிச் சுற்றினேன், ஒழுகியது" என்று குறித்திருக்கிறார். இன்னொரு பக்கத்தில், "மூடிக் கிடந்த தொட்டியில் உடனே இறங்கக் கூடாது. திறந்து காற்றோட விட வேண்டும். மேலே ஆள் இல்லாமல் இறங்கவே கூடாது."

பயிற்சி முடிந்ததும் என்னை அழைத்தார். "ஏணி புடிக்க எனக்கு ஒரு ஆளு வேணும். வா" என்றார். வர மனமில்லை. மூன்றாவது முறை கூப்பிட்டபோது வந்தேன். அன்று முதல் அவர் சொல்லிக் கொடுக்க, நானும் இந்த வேலையைப் படித்தேன். முதலில் பெண் என்று யாரும் வீட்டுக்குள் விடவில்லை. பிறகு, வீட்டில் ஆண்கள் இல்லாத நேரத்திலும் தைரியமாகக் கூப்பிடலாம் என்று பெண்களே அக்காவைத் தேடி வந்தார்கள். கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலைக்கு ஏறும் பஸ்ஸில் பைப் கட்டோடு வாரத்தில் இரண்டு நாள் போவோம். மலையில் புதிதாகக் குழாய் வந்த வீடுகளில், வால்வை எப்படி மூடுவது, வாஷரை எப்படி மாற்றுவது என்று அக்கா பெண்களுக்குச் செய்து காட்டிவிட்டுத்தான் கிளம்புவார். "இதுக்கெல்லாம் கீழருந்து நாங்க வர்ற வரைக்கும் காத்துக்கினு இருப்பீங்களா?" என்பார்.

எந்த வேலையானாலும் பியூஸ் கட்டையை அவரே பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொள்வார். என்னிடம் கொடுத்ததில்லை. நானும் கேட்டதில்லை. வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு பள்ளிக்கூடத்தில் மோட்டாரை ஒட்டிப் பைப்பை இணைக்கும் யூனியன் ஒழுகியது. போர்டு வேறு அறையில் இருந்தது. அக்கா கட்டையைப் பிடுங்கி என் கையில் வைத்தார்.

"இத வச்சிக்கினு இந்த போர்டாண்டயே நில்லு."

"வேணாங்கா. உன் பையிலியே வையி."

"நீ வச்சா இன்னா? வச்சிக்க."

திரும்பிப் பார்க்காமல் போனார். ஈரத் தரையில் உட்கார்ந்து மோட்டார் பைப்பை இரண்டு கையாலும் பிடித்து அவர் வேலை செய்வதைக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். கட்டையைப் பைக்குள் போடாமல் கையிலேயே பிடித்திருந்தேன். அரை மணி நேரம் இருக்கும். முடித்துவிட்டு வந்து, "குடு" என்று கையை நீட்டினார். திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் அழுததை அவர் பார்த்தார். சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பத்து வருடம் அக்கா இந்த வேலை செய்தார். பிறகு வயிற்றில் கட்டி வந்தது. புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக ஏழு மாதம் அலைந்தோம். இனி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். உடம்பு ஒடுங்கி, என்னை இடுப்பில் சுமந்தவரை நான் குழந்தைபோல் தூக்கி உட்கார வைக்கும்படி ஆனது. இறப்பதற்கு நான்கு நாள் முன்பு, மகள் மருந்து வாங்கப் போயிருந்தபோது பேசினார்.

"அவரு ஆட்டோவுல போட்டுட்டு எறங்குற ஆளாடா? உன்னக் காப்பாத்த அவரு மேல பழியப் போட்டுட்டேன். அத எடுத்துடணும்னு பாத்தேன். முடியல."

"நான் சொல்றேன்கா."

"புள்ளைக்கி மொதல்ல சொல்லு. அப்பறம் மத்தவங்களுக்கு. அவ கோச்சிக்குவா. கோச்சிக்கட்டும். நீ எங்கியும் ஓடிப் போயிடாத."

சொல்ல எனக்குப் பதினோரு மாதம் ஆயிற்று. போன மாதம் ஒரு காலையில், சமையலறையில் இருந்த அக்கா மகளிடம் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்டாள். முடித்ததும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "கெணத்துல எட்டிப் பாக்கணும்னு தோணலியா மாமா?"

"தோணல" என்றேன். உள்ளே போய்விட்டாள். அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை.

மாமா கவனம் இல்லாமல் இறங்கியவர் அல்ல. கரண்ட் இல்லாத நேரம் பார்த்து, ஸ்டார்ட்டர் நிற்பதை உறுதிசெய்துகொண்டுதான் இறங்கினார். பட்டனை அழுத்தியவன் நான். இத்தனை வருடம் அவரைப் பற்றித் தவறாகப் பேசியவர்கள் மீது குற்றமில்லை. உங்களுக்குத் தெரியாது. இன்று தெரிந்துகொண்டீர்கள். அந்தப் பேச்சை இனி விட்டுவிட வேண்டும் என்று கும்பிட்டுக் கேட்கிறேன்.

அக்காவின் நோயின்போது மாறி மாறி வந்து உடனிருந்த பக்கத்து வீட்டுப் பெண்களுக்கும், முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், மலையிலிருந்து விடியற்காலையிலேயே இறங்கி வந்து அக்காவின் பாடையைச் சுமந்தவர்களுக்கும், செய்தி கேட்டு மாலையோடு வந்து நின்ற பயிற்சி ஆசிரியருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அக்கா மகள் கல்லூரியில் தமிழ் படிக்கிறாள். இந்த மலரைப் பிழை பார்த்துக் கொடுத்தவள் அவள்தான். நான் எழுதிய தாள்களை மேசைமீது வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் அதே இடத்தில் இருந்தன. பக்கத்துக்குப் பத்து எழுத்துப் பிழையாவது சிவப்பில் திருத்தியிருந்தாள். ஒரு வரியைக்கூட அடித்து நீக்கவில்லை. அவளுக்கு என் நன்றி.