மாமா வாங்கி வந்த கார்ட்ரிட்ஜ்

மோதிரப் பெட்டி போல ஒரு சின்னப் பெட்டி. உள்ளே கறுப்பு வெல்வெட். அதன் நடுவில் புளியங்கொட்டை அளவில் ஒரு கார்ட்ரிட்ஜ். ரெக்கார்டு ப்ளேயரின் கை நுனியில் ஊசியைப் பிடித்துக்கொண்டு இருக்குமே, அந்தச் சாமான். என் அக்காவின் கணவர் அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு, யாரும் கேட்காமலே அதன் விலையைச் சொன்னார். அக்கா காபி கொண்டுவந்ததும் அவளுக்காக இன்னொரு முறை சொன்னார். கடலூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் அன்றைக்கு நடந்ததை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மாமாவுக்குச் சிதம்பரத்தில் வீடு, சிப்காட்டில் ஒரு ரசாயனக் கம்பெனியில் பராமரிப்பு வேலை. பம்புகளைப் பற்றி அவருக்குத் தெரிந்திருக்கலாம். ஆனால் எங்கள் குடும்பத்தில் மூத்த மாப்பிள்ளை என்றால் மிக்ஸி முதல் பைபாஸ் ஆபரேஷன் வரை கடைசி வார்த்தை அவருடையதுதான். அவரை மறுத்துப் பேசினால் கட்டிக் கொடுத்த பெண்ணுக்குத் தலைகுனிவாம். அவர் தேர்ந்தெடுத்த தண்ணீர் மோட்டார் ஒரே கோடையில் புகைந்தது. "கரண்ட் சரியில்ல" என்றார். நாங்களும் சேர்ந்து கரண்டைத் திட்டினோம்.

அந்த ப்ளேயர் அப்பா கல்யாணத்துக்கு முன்பே வாங்கியது. அதில் போட எங்களுக்கு ஒரே ஒரு தட்டுதான் முக்கியம். எங்கள் பங்குக் கோயிலின் பாடகர் குழு ஒரு காலத்தில் பதிவு செய்த மாதா பாட்டுகள். அதில் ஒரு பாட்டில் அம்மா ஒரு சரணத்தைத் தனியாகப் பாடியிருக்கிறார். நான் தவழும் வயதில் அம்மா போய்விட்டார். அவர் குரல் அந்த ஒரு சரணத்தைத் தவிர வேறெங்கும் இல்லை. எனக்கு விவரம் தெரியுமுன்பே ஊசி தேய்ந்துவிட, அப்பா தட்டை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். "தேஞ்ச ஊசில போட்டா பாட்டும் தேஞ்சி போயிடும்" என்பார். வெளியில் கொடுத்துப் பதிவு செய்யவும் அவருக்கு மனம் வரவில்லை. நாற்பது வயதைத் தாண்டியும் என் அம்மாவின் குரலை நான் கேட்டதில்லை.

அப்பாவுக்குக் காது மந்தமாகத் தொடங்கியபோது, புது ஊசி போடலாம் என்று அவரே சொன்னார். புதுச்சேரியில் பழைய ப்ளேயர்கள் விற்கும் ஒரு கடைக்கு நான் போட்டோ அனுப்பிக் கேட்டேன். இதன் கை கனமானது, கனத்தைக் குறைக்க வழியில்லை, ஆகவே பழையதைப் போலவே கனம் தாங்கும் செராமிக் கார்ட்ரிட்ஜ்தான் போட வேண்டும். மென்மையான ஊசி போட்டால் அமுங்கித் தட்டைக் கீறிவிடும் என்றார்கள். மாமாவிடம் அப்படியே சொன்னேன்.

"சீப்பான ஊசிலயா உங்க அம்மா பாட்ட கேக்கப் போற? நீ பேங்க்ல கணக்கு பாரும்மா. மிஷின நான் பாத்துக்கறேன்."

அப்பா என்னைப் பார்த்தார். பேசாமல் இரு என்பதுதான் அந்தப் பார்வை.

பெட்டி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, கறிக்குழம்பு கொதித்து இறங்குவதற்குள் மாமா அதை மாட்டி முடித்தார். சோதித்துப் பார்க்க வேறொரு தட்டைப் போடலாம் என்று அந்தப் பெரிய மூளைக்குத் தோன்றவில்லை. நேராக அம்மாவின் பாட்டிலேயே ஊசியை இறக்கினார். ஸ்பீக்கரில் கொசு ரீங்காரம் போல ஏதோ வந்தது. ஊசி கனம் தாங்காமல் மடங்கி, கார்ட்ரிட்ஜின் வயிறு தட்டில் உட்கார்ந்துவிட்டது. கை வழுக்கி ஓடி, அம்மாவின் சரணம் இருக்கும் இடத்தில் போய் நின்றது. மாமா சட்டைப் பையிலிருந்து ஓர் ஐந்து ரூபாய்க் காசை எடுத்து அதன் தலையில் வைத்தார்.

"வெயிட்டு பத்தல" என்றார்.

கர்ரென்று சத்தம் கிளம்பியது. "மாமா, எடுங்க" என்று நான் எழுந்தேன். அக்கா என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். தட்டின் மேல் கறுப்பாகத் துருவல் சுருண்டு எழுவதை அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எப்டி மாமா, கேக்குதா?" என்று மாமா அப்பாவைக் கேட்டார்.

"நல்லா கேக்குது மாப்ள" என்றார் அப்பா.

மாமாவின் மடத்தனத்தைக்கூட மன்னித்துவிடலாம். அப்பாவின் அந்த மரியாதையை என்னால் மன்னிக்க முடியவில்லை. இருவரையும் ஒரே தராசில் வைத்தால், காசு எதுவும் வைக்காமலே அப்பா பக்கம்தான் தாழும்.

போன மாதம் புதுச்சேரிக் கடையிலிருந்து செராமிக் கார்ட்ரிட்ஜை வரவழைத்து நானே மாட்டினேன். பாடகர் குழு அழகாகப் பாடுகிறது. ஆர்மோனியம்கூடச் சுத்தமாகக் கேட்கிறது. அம்மாவின் சரணம் வர வேண்டிய இடத்தில் மட்டும் வெறும் கீறல் சத்தம்.

"ரெக்கார்டு பழசு, அதான்" என்றார் மாமா. மதியச் சாப்பாட்டுக்கு வந்து, உண்ட மயக்கத்தில் சோபாவில் சாய்ந்திருந்தார்.

நான் அப்பாவின் காதருகே குனிந்து, "அம்மா கொரலு எப்டிப்பா இருக்கும்?" என்று கேட்டேன்.

அப்பா சோபாவை ஒரு தரம் பார்த்துக்கொண்டார்.

"மாப்ள கெளம்பட்டும், சொல்றேன்."

மாமா ராத்திரிச் சாப்பாட்டையும் முடித்துக்கொண்டுதான் சிதம்பரம் பஸ் பிடித்தார். அதற்குள் அப்பா தூங்கிவிட்டிருந்தார்.