என் ஒப்பாரி போன இடங்கள்

எனக்கு எழுத்து கோணலாகத்தான் வரும். நாலாவதோடு படிப்பு நின்றுபோனது. மறதி வேறு. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரர் செத்தபோது டெல்லியில் மதராசி கேம்ப் என்கிற தமிழ்க் குடிசைப் பகுதியில் இருந்தோம். ஊரிலிருந்து அவருடைய அக்காவால் வர முடியவில்லை. தம்பி முகத்தைப் பார்க்கட்டும் என்று என் மகள் போனில் வீடியோ போட்டுக் காட்டினாள். நான் நாலு பேர் முன்னால் வாய் திறக்கிறவள் இல்லை. அன்றைக்கு மட்டும் அவர் தலைமாட்டில் உட்கார்ந்து கத்தி அழுதேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. பஸ் நம்பர் பார்த்து நான்தான் ஏற்றிவிடுவேன். அதைச் சொல்லித்தான் அழுதேன்: "நம்பர் படிக்கத் தெரியாதே ராசா, ஒத்தையில எந்த பஸ் ஏறிப் போனே?"

கேம்ப்பை இடித்து எங்களைத் தொலைவில் நரேலாவுக்கு அனுப்பிய பிறகும், பழைய கேம்ப் பக்கத்து ஜங்புராவில் ஒரு வீட்டு வேலையை நான் விடவில்லை. ஒரு நாள் அங்கே பாத்திரம் தேய்க்கும்போது உள்ளேயிருந்து என் குரல் கேட்டது. எட்டிப் பார்த்தேன். அந்த வீட்டுப் பெண் உடைந்த லிப்ஸ்டிக்கைக் கையில் வைத்துக்கொண்டு, மாரில் அடித்து, என் அழுகைக்கு வாயசைத்துக்கொண்டிருந்தாள். எதிரில் நிறுத்தியிருந்த போன் அவளைப் படம் பிடித்துக்கொண்டிருந்தது.

என்னைப் பார்த்துச் சிரித்தாள். "ஆண்ட்டி, தமிழ் ஹை நா? க்யா போல் ரஹீ ஹை?"

இவள் என்ன சொல்லி அழுகிறாள் என்று என்னிடமே கேட்கிறாள். "மாலூம் நஹி, பேட்டி", தெரியாதும்மா என்று சொல்லிவிட்டுக் குழாயைப் பெரிதாகத் திறந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன். போனில் தேடிப் பார்த்தவள் முகம் செத்துப்போயிற்று.

"சொந்தபந்தம் பாக்கட்டும்னு அத்தை வீட்டுல யாரோ அன்னிக்கு வீடியோவைப் பதிவு பண்ணி நெட்டுல போட்டிருக்காங்கம்மா. இப்ப பூனை மீனைத் தூக்கிட்டுப் போற வீடியோவுக்குக்கூட உன் குரலைத்தான் வெக்கிறானுங்க."

"எடுக்கச் சொல்லுடி."

"அத்தை எடுத்துட்டாங்க. மத்தவங்க கையில போனதை யார்கிட்டம்மா போய்க் கேக்கறது?"

முதல் வருசத் திதிக்கு அவர் படத்தின் முன்னால் உட்கார்ந்தோம். கேம்ப்பிலிருந்து கூட வந்த பெண்களும் இருந்தார்கள்.

"என்னக்கா, கல்லு மாதிரி உக்காந்திருக்கே? ஒரு வார்த்தை சொல்லி அழு" என்றாள் ஒருத்தி.

வாயைத் திறந்தேன். அந்தப் பெண் வாயசைத்ததுதான் கண் முன்னால் வந்தது. மூடிக்கொண்டேன்.

"போன் இருந்தாத்தான் அழுகை வருமாக்கா?" என்றாள் இன்னொருத்தி.

அன்றைக்கு வேறு என்னென்னவோ சொல்லி அழுதிருப்பேன். போனில் வெட்டிப் போட்டிருக்கிற அந்த பஸ் வரி மட்டும்தான் இப்போது எனக்கே நினைவிருக்கிறது. அதையும் முன்பின்னாக மாற்றி ஒட்டியிருக்கிறார்கள் என்கிறாள் மகள். அன்றைக்குக் கேம்ப்பில் பக்கத்தில் இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், அந்த வரியைச் சரியாக எழுதியிருக்கிறேனா என்று பார்த்துச் சொல்லுங்கள். மீதியையும் சொல்லுங்கள்.