போட்டு வாறன்

விக்டோரியா ராணி காலத்து இங்கிலாந்தில் ஒரு வேலைக்காரி தன் எசமானியைக் கொன்று, துண்டுதுண்டாக வெட்டி அவித்தாளாம். பிறகு அந்த எசமானியின் உடுப்புகளையே போட்டுக்கொண்டு ஊரில் திரிந்தாளாம்.

தொண்ணூறுகளில் இத்தாலியின் பலெர்மோ நகரில், லிபெர்த்தா தெருவில் நான் வேலை செய்த வீட்டு எசமானி, சின்யோரா, இந்தக் கதையை வாரப் பத்திரிகையில் தொடராகப் படித்தார். பின்னேரங்களில் அவருடைய தங்கையும் வந்துவிடுவார். ஒருவர் வாசிக்க மற்றவர் நெஞ்சில் கைவைத்துக் கேட்பார். அந்தக் கொலை வீட்டைப் பார்க்கச் சனம் திரண்டு, வாசலில் கிடந்த கல்லைக்கூட நினைவுக்குப் பொறுக்கிப் போனதாம். எனக்கு எரிச்சல்தான் வந்தது. இதே நகரத்தின் தெருக்களில் மாஃபியாக்காரர் ஆட்களைக் குண்டுவைத்துக் கொன்றார்கள். அதைப் பற்றி அந்த வரவேற்பறையில் யாரும் மூச்சு விடவில்லை. செத்து நூறு வருடமான வேலைக்காரிக்குத்தான் அவ்வளவு பயம். எசமானிக்குச் சூப் வைத்துக் கொடுத்து, கால் பிடித்துவிட்ட வேலைக்காரிகளைப் பற்றி யார் தொடர் எழுதினார்கள்?

தொடர் முடிவதற்குள் தங்கைக்காரி என்னில் ஒரு குற்றம் கண்டுபிடித்துவிட்டார். விடிய, சின்யோரா எழும்ப முன்னமே உள்ளே வருவதற்காக வீட்டுத் திறப்பு, அதாவது சாவி, என்னிடம்தான் இருந்தது. மாலையில் வேலை முடிந்து புறப்படும்போது, "வாதோ எ தோர்னோ" என்று சொல்வேன். நம்முடைய 'போட்டு வாறன்', அதாவது போய்விட்டு வருகிறேன் என்பதை அப்படியே இத்தாலியனில் சொன்னதுதான். வெறுமனே 'போறன்' என்றால் ஒரேயடியாகப் போவதல்லவா? தங்கைக்குக் கேட்டது வேறு: திறப்பைக் கையில் வைத்திருப்பவள், இருட்டுகிற நேரத்தில், திரும்பி வருவேன் என்கிறாள்.

அடுத்த நாள் சின்யோரா திறப்பைத் திருப்பிக் கேட்டார். இனி "வாதோ", அதாவது போறன், என்று மட்டும் சொன்னால் போதும் என்றும் சொன்னார். திறப்பைக் கொடுத்தேன், அது அவருடையது. சொல் என்னுடையது.

மத்தியானம் வீட்டுக்குப் போனபோது அக்கா திட்டினாள். "உனக்கென்ன விசரே? வேலை போனா இஞ்ச இருக்கிற விசாவை, பெர்மெஸ்ஸோவை, ஆர் புதுப்பிச்சுத் தருவினம்? வாதோ எண்டு சொல்லிப்போட்டு வாவன்."

"நீ சொல்லுவியோ?"

அக்கா வேலைக்குப் புறப்பட்டாள். கதவடியில் வழக்கம் தவறாமல், "சரி, போட்டு வாறன்" என்றாள்.

அன்று மாலை நான் புறப்படுகிற நேரம் இரண்டு சகோதரிகளும் காத்திருந்தார்கள். எனக்குத் தெரிந்த இத்தாலியனில் நேரே சொன்னேன்: "சின்யோரா, போறன் எண்டு மட்டும் சொன்னா நான் நாளைக்கு வரமாட்டன். எங்கட ஆக்கள் அப்பிடித்தான். உங்கட அரிவெதெர்ச்சியும் திரும்பக் காணுவம் எண்டுதானே சொல்லுது? அதுக்கு ஆரும் பயப்பிடேல்லையே. எது வேணும் எண்டு நீங்களே சொல்லுங்கோ."

தங்கை வாயைத் திறந்தார். சின்யோரா கையை உயர்த்தி அவரை நிறுத்தினார்.

"வாய் எ தோர்னா," என்றார். போட்டு வா.

திறப்பை மட்டும் அவர் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை. மறுநாள் விடிய, அவர் நல்ல நித்திரையில் இருக்கிற நேரம், நின்று நிதானமாக மணியை அடித்தேன். சின்யோரா தானே எழும்பி வந்து எனக்குக் கதவு திறந்தார்.